பேமென்ட் நிறுவனத்தில் தகவல் பாதுகாப்புப் பொறுப்பு: முதல் 90 நாளில் எதில் கைவைப்பது?

#1 கேத்தி

வணக்கம். கோவையில் தலைமை அலுவலகம், குன்னூரில் வாடிக்கையாளர் சேவையும் பாதிப் பொறியாளர்களும். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல், பழனி கடைகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் யுபிஐ, கார்டு வழியாக வசூல் செய்துகொடுப்பது ஒரு வேலை. தேயிலைத் தொழிற்சாலைகள் சார்பாகச் சிறு விவசாயிகளின் கணக்கில் மாதாமாதம் பச்சைத் தேயிலைப் பணம் போடுவது இன்னொரு வேலை. பொறியாளர்கள் 40 பேர், பாதுகாப்புக்கு மூன்று பேர். ஒரு வருடத்தில் பரிவர்த்தனை பல மடங்கு ஆகியிருக்கிறது, பாதுகாப்பு ஏற்பாடு பழைய அளவிலேயே நிற்கிறது. இயக்குநர் குழு 90 நாள் திட்டம் கேட்கிறது. "முதலில் பிசிஐ (கார்டு தரவுப் பாதுகாப்புத் தரம்) சான்றிதழைப் புதுப்பி, மற்றதெல்லாம் பிறகு" என்பது நிர்வாகத்தின் எண்ணம். இந்த வரிசை சரியா? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 டைகர்ஹில்

வரிசை தப்புங்க. பணம் வெளியே போற வழியை முதல்ல அடைங்க.

வசூல் பக்கம் பணம் எஸ்க்ரோ கணக்குல (வங்கியில தனியா ஒதுக்கி வச்ச கணக்கு) விழுது. அங்கிருந்து, ஏற்கெனவே சரிபார்த்த வணிகர் கணக்குக்குத்தான் போகும். திருடணும்னா அந்தக் கணக்கு எண்ணை மாத்தியாகணும். பேஅவுட்ல, அதாவது நீங்க பணத்தை வெளியே அனுப்புற பக்கத்துல, அப்படி இல்லை. ஒரு ஏபிஐ கீ (உங்க சர்வர் வங்கிக்குக் காட்டுற ரகசியச் சாவி) கையில கிடைச்சா எந்தக் கணக்குக்கும் எவ்வளவும் அனுப்பலாம். அதனால முதல் வாரத்துல ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்க: இன்னிக்கு ராத்திரி பணத்தை வெளியே அனுப்பக்கூடியவங்க யார் யார்? ஆட்கள், சர்வர்கள், கீகள் எல்லாம் ஒரு தாள்ல வரணும்.

கீகளைத் தேடும்போது இப்போதைய நிரலை மட்டும் பார்த்தா போதாது. கிட்லீக்ஸோ டிரஃபிள்ஹாக்கோ மாதிரி கீ தேடுற கருவியைப் போட்டு கிட் (நிரலோட பழைய வடிவம் எல்லாம் சேமிக்கிற கருவி) வரலாறு முழுக்கத் தேடுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் கமிட் பண்ணி மறுநாளே அழிச்ச கீ வரலாற்றுல அப்படியே இருக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதுறதும் தீர்வு இல்லை, யாராவது நகல் வச்சிருப்பாங்க. கீயையே மாத்தணும். புதுக் கீ கொடுத்து, பழசையும் 24 மணி நேரம் கூடவே ஓடவிட்டு, பழைய கீயில எந்த சர்வர்ல இருந்து அழைப்பு வருதுன்னு லாக்ல பாருங்க. யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு கிரான் ஜாப் (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடுற வேலை) அதுல கட்டாயம் தலைகாட்டும். அதைச் சரிபண்ணிட்டுப் பழைய கீயைக் கொல்லுங்க. புதுக் கீ குறிப்பிட்ட ஐபி முகவரிகள்ல இருந்து மட்டும் வேலை செய்யணும்.

அடுத்தது மேக்கர்-செக்கர். திரையில ரெண்டு பட்டன் இருக்கிறதால அது மேக்கர்-செக்கர் ஆயிடாது. ஒருத்தர் பட்டியல் ஏத்துறார், இன்னொருத்தர் ஒப்புதல் தர்றார், பணம் அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போகுது. அந்த அஞ்சு நிமிஷத்துல டேட்டாபேஸ்ல ஒரு வரியில கணக்கு எண்ணை மாத்தினா? ஒப்புதல் ஏற்கெனவே விழுந்தாச்சு, யாரும் திரும்பப் பார்க்கப் போறதில்லை. அதனால ஒப்புதல் தர்ற நொடியில ஒவ்வொரு வரியோட கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, தொகை மூணையும் சேர்த்து எச்மேக் (ரகசியச் சாவியால கணக்கிடுற முத்திரை) போட்டு வைங்க. அனுப்புற சர்வர் அதை மறுபடி கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தினா மட்டும் அனுப்பணும். அந்த எச்மேக் சாவி டேட்டாபேஸ் நிர்வாகி கைக்கு எட்டக்கூடாது.

வரம்பு வைக்கிறது பத்தித் தனியா ஒண்ணு. மணிக்கு இத்தனை லட்சம்னு மொத்தத் தொகையில வரம்பு வச்சீங்கன்னா, பச்சைத் தேயிலைப் பணம் போடுற அன்னிக்கு ஒரு மணி நேரத்துல ஆயிரக்கணக்குல பரிவர்த்தனை போய் வரம்பு இடிக்கும். விவசாயிங்க வங்கி வாசல்ல நிப்பாங்க, தொழிற்சாலையில இருந்து போன் வரும், "இன்னிக்கு மட்டும் எடுத்து விடு"ன்னு யாரோ வரம்பைத் தூக்குவாங்க. திரும்பப் போட மறந்துடும். ஆனா அந்தப் பட்டியலோட குணத்தைப் பாருங்க: பெறுகிறவங்க மாசாமாசம் கிட்டத்தட்ட அதே ஆட்கள். தொகைதான் விலைக்கும் பறிப்புக்கும் தகுந்தாப்பல ஏறி இறங்கும். அதனால தொகைக்கு வரம்பைத் தாராளமா வைங்க. போன மாசம் இல்லாத கணக்கு, போன மாசத்துல இருந்து மாறின கணக்கு, இது ரெண்டும் பட்டியல்ல நூத்துக்கு ரெண்டைத் தாண்டினா முழுப் பட்டியலும் நிக்கணும். இது தேவையில்லாம அடிக்காது, அடிச்சா காரணம் இருக்கும்.

#3 பூம்பாறை

டைகர்ஹில் சொன்ன பேஅவுட் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிசிஐயைச் சான்றிதழ் வேலை என்று ஒதுக்குவது ஆபத்து. அதன் பாதி, கார்டு எண் எங்கே கிடக்கிறது என்று தேடுகிற வேலை. அது தெரியாமல் திட்டம் போட முடியாது.

2022 அக்டோபர் 1 முதல் கார்டு கொடுத்த வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமிக்கக்கூடாது. கணக்குச் சரிபார்க்கக் கடைசி நான்கு இலக்கமும் வங்கிப் பெயரும் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். "நாங்கள் டோக்கன்தான் (கார்டு எண்ணுக்குப் பதிலான குறியீடு) வைத்திருக்கிறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். டேட்டாபேஸில் அது உண்மையாகவும் இருக்கும். எண் கிடப்பது வேறு இடங்களில்: பிழை நேர்ந்தபோது முழுக் கோரிக்கையையும் கொட்டிய லாக், செயலி நொறுங்கியபோது போன கிராஷ் அறிக்கை, வாடிக்கையாளர் சேவைக்கு வந்த ஸ்கிரீன்ஷாட், தொலைபேசிப் பதிவு. ஹோம்ஸ்டே வணிகர்கள் இருப்பதால் இன்னொன்று: முன்பதிவு செய்பவர் கார்டின் இரு பக்கத்தையும் படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். உரிமையாளர் அதை அப்படியே உங்கள் சேவைப் பிரிவுக்குத் தள்ளுவார், "இந்த கார்டு ஏன் போகவில்லை?" என்று. பின்பக்கத்தில் சிவிவி இருக்கிறது. பரிவர்த்தனை முடிந்தபின் சிவிவியை எந்த வடிவிலும் வைத்திருக்கக்கூடாது. அந்தப் படத்தைப் பெறுகிற எண்ணில் தானாக அழியும் ஏற்பாடும், "கார்டு படம் அனுப்பாதீர்கள்" என்ற தமிழ் பதிலும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

தேடும் முறை: 13 முதல் 19 இலக்கம் வரை உள்ள எண்களை எடுத்து லூன் சரிபார்ப்பு (கடைசி இலக்கத்தை வைத்து எண் சரியா என்று பார்க்கும் கணக்கு) ஓட்டுவது. அதோடு நிறுத்தினால் முடிவு குப்பையாக வரும். தற்செயலான எண்களிலும் பத்தில் ஒன்று லூனைத் தாண்டும், உங்கள் பரிவர்த்தனை எண்களே ஆயிரக்கணக்கில் வந்து விழும். கைபேசியின் ஐஎம்இஐ எண்ணுக்கும் கடைசி இலக்கம் லூன்தான், ஆகவே அவை எல்லாமே தாண்டும். முன்னிலக்கத்தை வைத்து வடிகட்டுங்கள்: விசா 4, மாஸ்டர்கார்டு 51 முதல் 55 மற்றும் 2221 முதல் 2720, ரூபே 60, 65, 81, 82, 508. நீளமும் சேர்த்துப் பாருங்கள். ஐஎம்இஐ 15 இலக்கம், அதே நீளமுள்ள அமெக்ஸ் 34 அல்லது 37இல் தொடங்கும், அதனால் பிரித்துவிடலாம். நடுவில் இடைவெளி, கோடு போட்ட எண்களையும் பிடிக்கிற மாதிரி எழுதுங்கள்.

பிசிஐ 4.0.1இல் 2025 மார்ச் 31க்குப் பிறகு கட்டாயமான இரண்டு விதிகளைப் பலரும் தவறவிடுகிறார்கள். 6.4.3: பணம் செலுத்தும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும் (சிறு நிரல்) பட்டியல், அனுமதி, அது ஏன் தேவை என்ற காரணம், மாறாமல் இருப்பதற்கான உறுதி. 11.6.1: அந்தப் பக்கமும் அதனோடு வரும் எச்டிடிபி தலைப்புகளும் மாறினால் தெரிவிக்கும் ஏற்பாடு, குறைந்தது ஏழு நாளுக்கு ஒருமுறை. மார்க்கெட்டிங் பிரிவு டேக் மேனேஜர் (பக்கத்தில் ஸ்கிரிப்ட் சேர்க்கும் கருவி) வழியாக ஒரு விளம்பர ஸ்கிரிப்டை அந்தப் பக்கத்தில் சேர்ப்பதுதான் வழக்கமான ஓட்டை. பணம் செலுத்தும் பக்கத்தில் டேக் மேனேஜரே வேண்டாம். இதில் சமரசத்துக்கு இடம் தராதீர்கள்.

#4 கேத்தி

இரண்டு பேருக்கும் நன்றி. சேவைப் பிரிவின் வாட்ஸ்அப் விஷயம் கணக்கிலேயே இல்லை, இன்றே பார்க்கிறோம். சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது எங்கிருந்து எண்ணப்படும்? ஆடி மழையில் குன்னூரில் மின்சாரமும் இணையமும் போனால் என்ன செய்வது?

#5 லவ்டேல்

கடிகாரம் ஒன்றல்ல, பல இருக்கின்றன. செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, சம்பவம் கவனத்துக்கு வந்ததிலிருந்து 6 மணி நேரம். பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் 2024 ஜூலை 30 உத்தரவிலும், கண்டறிந்ததிலிருந்து 6 மணி நேரம்தான். பேமென்ட் அக்ரிகேட்டர்கள், அதாவது உங்களைப் போல் கடைகளுக்கு வசூல் செய்து தருபவர்கள், அதில் பெரிய நிறுவன வகையில் வருவதால் 2025 ஏப்ரல் 1 முதல் பொருந்தும். தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. கசிவு பற்றித் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் விரிவான அறிக்கை என்ற பகுதி 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வரும். தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி வரை. படிவத்தை இப்போதே அதற்கும் சேர்த்துத் தயாரியுங்கள்.

இங்கே நடக்கும் தவறு இதுதான்: இரவுப் பணியில் இருப்பவர் 1 மணிக்கு அலாரத்தைப் பார்த்து டிக்கெட் போடுகிறார். மேலாளர் காலை 9 மணிக்கு "ஆமாம், சம்பவம்தான்" என்கிறார். 9 மணியிலிருந்து எண்ணுகிறார்கள். கவனத்துக்கு வந்தது 1 மணிக்கு, 7 மணிக்கே நேரம் முடிந்துவிட்டது. ஆகவே இரவுப் பணியாளருக்கே முதல் அறிக்கை அனுப்பும் அதிகாரம் கொடுங்கள். முதல் அறிக்கை முழுமையாக இருக்கத் தேவையில்லை. தெரிந்ததை எழுதி, "விசாரணை தொடர்கிறது" என்று அனுப்பலாம். படிவத்தில் நிறுவன விவரங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் முன்பே நிரப்பிய நகல் காகிதத்திலும் இருக்கட்டும்.

லாக் 180 நாள் என்கிறது செர்ட்-இன். பிசிஐ 12 மாதம் கேட்கிறது, அதில் கடைசி 3 மாதம் உடனே எடுக்கும் நிலையில். 12 மாதமாக வைத்துவிட்டால் இரண்டும் தீரும். எல்லா சர்வரின் கடிகாரமும் என்டிபி வழியாக ஒத்திருக்க வேண்டும். சர்வர் லாக் யுடிசியில் (உலகப் பொது நேரம்), வங்கிக் கோப்பு இந்திய நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காமல் கால வரிசை எழுதினால், பணம் போன பிறகு திருடன் உள்ளே வந்ததாக அறிக்கை சொல்லும். யுடிசி, ஐஎஸ்டி இரண்டு பத்தியும் போட்ட அட்டவணை ஒன்று வார்ப்பாக இருக்கட்டும்.

மழை பற்றி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மலையில் இருந்துகொண்டு "எங்களிடம் இரண்டு நிறுவனத்தின் இணைப்பு இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்க முடியாது. இரண்டும் பர்லியார் வழியாக ஒரே ரோட்டோரத்தில் ஒரே கம்பத்தில் போகலாம், மரம் ஒன்று விழுந்தால் இரண்டும் போகும். கேபிள் போகும் பாதையின் வரைபடத்தை எழுத்தில் கேளுங்கள். ஒன்று குன்னூர் மலைப்பாதையிலும் மற்றது கோத்தகிரி மலைப்பாதையிலும் இறங்கினால்தான் இரண்டு இணைப்பு. அலாரம் பார்க்கும் ஆளை மலைமேல் ஒருவர், கீழே ஒருவர் என்று பிரித்து வையுங்கள். பேஅவுட்டை நிறுத்தும் அதிகாரம் இருவருக்கும் இருக்க வேண்டும்.

அவசரக் கணக்கு ஒன்றும் தேவை. எஸ்எஸ்ஓ (எல்லாவற்றுக்கும் ஒரே நுழைவு முறை) விழுந்தால் யாரும் உள்ளே போக முடியாது. இரண்டு ஹார்ட்வேர் கீ, இரண்டும் முத்திரையிட்ட உறையில், ஒன்று கோவையில், ஒன்று குன்னூரில். முத்திரை எண்ணை இரண்டு ஊரிலும் நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, உள்ளே நுழைந்து பார்த்து, புது உறையில் போட்டு, புது எண்ணை எழுதுங்கள். பிரித்துப் பார்க்காத உறையில் காலாவதியான கணக்குதான் இருக்கும்.

#6 சிம்ஸ்பார்க்

எல்லாரும் சர்வர் பக்கமே பேசுறீங்க. கடை பக்கம் வாங்க.

வர்க்கி கடை, டீக்கடை வாசல்ல ஒட்டியிருக்கிற கியூஆர் மேல ராத்திரியில இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டிடறாங்க. காலையில கூட்டத்துல கடைக்காரர் கவனிக்க மாட்டார். அன்னிக்கு முழுக்க வசூல் வேற கணக்குக்குப் போகுது. உங்க சிஸ்டத்துல இது மோசடியா தெரியாது, ஏன்னா உங்க வழியா எதுவுமே வரலை. ஆனா வராததே அடையாளம். பக்கத்துக் கடைகள்ல வழக்கமா ஓடுது, இந்தக் கடையில காலை 7ல இருந்து 9 வரை சுழி. சீசன் சனி ஞாயிறுல ஒரு டீக்கடை ரெண்டு மணி நேரம் சுழியில நிக்குதுன்னா கடை பூட்டியிருக்கணும், இல்லைன்னா கியூஆர் மாறியிருக்கணும். சேவைப் பிரிவுல இருந்து ஒரு போன் போட்டா தெரிஞ்சிடும். கியூஆரை அக்ரிலிக் தகட்டுக்கு உள்ளே வச்சு, கடைப் பேரைத் தமிழ்ல பெருசா அச்சடிச்சுக் கொடுங்க. பணம் போடுறவங்க திரையில வேற பேர் வந்தா உடனே கேப்பாங்க.

சவுண்ட்பாக்ஸ் அடுத்தது. கோத்தகிரி பக்கம் பள்ளத்துல இருக்கிற கடைகள்ல சிக்னல் வந்து வந்து போகும். பெட்டி பேசாது. கடைக்காரர் வாங்குறவர் போன் திரையைப் பார்த்து நம்பிடுவார், போலிச் செயலிக்கு அது போதும், பச்சை டிக் வரும். பெட்டியில ரெண்டு சிம் வேணும், சிக்னல் போனதும் சிவப்பு விளக்கு எரியணும். முக்கியமா, சிக்னல் திரும்பினதும் தேங்கின அறிவிப்பெல்லாம் மொத்தமா கொட்டக்கூடாது. 20 நிமிஷம் முந்தின 150 ரூபாயை இப்ப சொன்னா, இப்ப நிக்கிற ஆள் கொடுத்ததா கடைக்காரர் நினைப்பார். ரெண்டு நிமிஷத்துக்கு மேல பழசானதை நேரத்தோட சொல்லணும், இல்லைன்னா சொல்லாம பட்டியல்ல மட்டும் காட்டணும்.

டைகர்ஹில் சார், வணிகர் கணக்கு எண்ணை மாத்தியாகணும்னு சொன்னீங்களே, அதை மாத்துறது சேவைப் பிரிவு மூலமாத்தான். "நான்தான் ஓனர், பேங்க் மாத்திட்டேன், போனும் மாத்திட்டேன்"னு அழைப்பு வரும். ஒரு ரூபாய் போட்டுப் பெயர் ஒத்துப்போகுதான்னு பார்க்கிறது மட்டும் இங்க பத்தாது. இனிஷியல் ஒரு வங்கியில முன்னாடி, ஒரு வங்கியில பின்னாடி இருக்கிறதால பெயர் ஒப்பீட்டைத் தளர்த்தி வச்சிருப்பாங்க. ஒரே ஹட்டியில (படுகர் ஊர்) ஒரே பெயர்ல நாலு பேர் இருப்பாங்க, நாலு பேரும் ஒத்துப்போவாங்க. பழைய எண்ணுக்குத் திருப்பி அழைக்கணும், பழைய எண்ணுக்கு எஸ்எம்எஸ் போகணும், மாத்தின பிறகு 48 மணி நேரம் செட்டில்மென்ட் (கடைக்குப் பணம் போடுறது) நிக்கணும். ரெண்டையும், அதாவது எண்ணையும் கணக்கையும், ஒரே வாரத்துல மாத்தக் கேட்டா நேர்ல ஆளை அனுப்பிப் பாருங்க.

#7 டைகர்ஹில்

சிம்ஸ்பார்க் சொன்ன "வராததே அடையாளம்" பேஅவுட்டுக்கும் வேணும், தலைகீழா.

2018 ஆகஸ்ட்ல புனே காஸ்மோஸ் கூட்டுறவு வங்கியில 94 கோடி போச்சு. திருடங்க ஒரு போலி சுவிட்சை (ஏடிஎம் கோரிக்கையை வங்கிக்குக் கடத்துற சர்வர்) நுழைச்சு, ஏடிஎம்ல இருந்து வந்த கோரிக்கைக்கெல்லாம் அதுவே "சரி"ன்னு பதில் சொல்லுச்சு. வங்கியோட மையக் கணினிக்கு அந்தக் கோரிக்கை போகவே இல்லை. முதல் நாள் ஆகஸ்ட் 11. நாள்காட்டியைப் பாருங்க, இரண்டாம் சனி, வங்கி லீவு.

உங்க லெட்ஜரை (கணக்குப் பதிவு) உங்க லாகோட ஒப்பிட்டா ரெண்டும் ஒரே பொய்யைச் சொல்லலாம். மூணு பக்கம் வேணும்: உங்க லெட்ஜர், வங்கி தர்ற கோப்பு, கணக்குல உண்மையா இருக்கிற இருப்பு. இருப்பை மணிக்கொருமுறை தனிப் பயனர் கணக்கு வழியா எடுங்க. அந்தக் கணக்குக்குப் பார்க்க மட்டும் அனுமதி, பேஅவுட் சர்வருக்கும் அதுக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. வித்தியாசம் நீங்க வச்ச வரம்பைத் தாண்டினா பேஅவுட் தானா நிக்கணும், யாரையும் கேக்கக்கூடாது. இரண்டாம் சனி, நாலாம் சனி, ஞாயிறு, பொங்கல், தீபாவளி எல்லாத்துக்கும் ஆள் பட்டியல் இருக்கணும். 1930க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) புகார் போய் உங்க கிட்ட "இந்தப் பணத்தை நிறுத்து"ன்னு கேட்டு வரும்போதும், பதில் சொல்ல ஒருத்தர் வேணும். தாமதமாகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அந்தப் பணம் இன்னொரு கணக்குக்கு நகரும்.

#8 பூம்பாறை

வணிகர்களின் இணையதளம் பற்றி ஒரு சிறு சேர்க்கை, ஹோம்ஸ்டேக்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பணம் செலுத்தி முடிந்ததும் உலாவி திரும்பி வரும் முகவரியில் நிலை வெற்றி என்று இருந்தாலே அறையை ஒதுக்கிவிடும் தளங்கள் ஏராளம். அந்த முகவரியை யாரும் கையால் தட்டச்சு செய்யலாம். வெப்ஹூக்கின் (உங்கள் சர்வர் வணிகரின் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவல்) கையொப்பத்தைச் சரிபார்க்கச் சொன்னால், பாதிப் பேர் "பொருந்தவில்லை" என்று சரிபார்ப்பையே நீக்கிவிடுகிறார்கள். காரணம் எளிது: வந்த ஜேசன் தகவலைப் பிரித்து, மறுபடி சேர்த்து, அதன்மேல் எச்மேக் கணக்கிடுகிறார்கள். இடைவெளி ஒன்று மாறினாலும் கையொப்பம் மாறும். வந்த பைட்டுகளின் மேலேயே கணக்கிட வேண்டும். இதை உங்கள் ஆவணத்தின் முதல் பக்கத்தில், பிஎச்பி எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். தொகையையும் ஆர்டர் எண்ணையும் நிலை அறியும் ஏபிஐயில் ஒப்பிடவும் சொல்லுங்கள். 1 ரூபாய் செலுத்தி 6,000 ரூபாய் அறை எடுப்பது அங்கேதான் நடக்கிறது.

#9 கேத்தி

இன்னும் இரண்டு கேள்வி. இப்போது பாதுகாப்புக் குழு தொழில்நுட்பத் தலைவருக்குக் கீழே இருக்கிறது, அப்படியே விடலாமா? எச்எஸ்எம் (ரகசியச் சாவிகளைக் காக்கும் தனிச் சாதனம்) வாங்கச் சொல்லி ஒரு விற்பனையாளர் விடாமல் பேசுகிறார், தேவையா?

#10 லவ்டேல்

விடக்கூடாது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஏற்கெனவே சொல்லியிருக்கிறது: தகவல் பாதுகாப்புத் தலைவர் தொழில்நுட்பத் தலைவருக்கு நேரடியாகக் கீழே இருக்கக்கூடாது, வணிக இலக்கும் அவருக்குக் கொடுக்கக்கூடாது. உங்களுக்கும் அதே நியாயம். வெளியீட்டுத் தேதியைக் காப்பாற்ற வேண்டியவரிடமே வெளியீட்டை நிறுத்தும் பொறுப்பையும் கொடுத்தால் எது ஜெயிக்கும் என்பது தெரிந்ததுதான். ரிஸ்க் குழுவுக்கோ நிர்வாக இயக்குநருக்கோ கீழே வாருங்கள். குழுவுக்கு மாதாமாதம் மூன்று எண் போதும்: பணம் அனுப்பக்கூடிய ஆட்கள் மற்றும் கீகளின் எண்ணிக்கை, லெட்ஜர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஆன நேரம், 30 நாளுக்கு மேல் திறந்து கிடக்கும் கடும் ஓட்டைகள்.

எச்எஸ்எம்: நீங்கள் கார்டு பின் எண்ணைக் கையாளவில்லை என்றால் தனியாகப் பேமென்ட் எச்எஸ்எம் தேவையில்லை. கிளவுட் கேஎம்எஸ் (சாவி நிர்வாகச் சேவை) போதும், பின்னால் எச்எஸ்எம்தான் இருக்கிறது. அந்தப் பணத்தில் இரவுக் கண்காணிப்புக்கு ஆள் எடுங்கள்.

விற்பனையாளர்கள் என்றதும் இன்னொன்று. 2024 ஜூலை 31 அன்று ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) புகுந்ததால், அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பரிவர்த்தனை முடங்கியது. பரவாமல் தடுக்க என்பிசிஐ (யுபிஐயை நடத்தும் அமைப்பு) அந்த நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. உங்களோடு இணைந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: நம்முடைய எந்தக் கீ அவர்களிடம், அவர்கள் நம் நெட்வொர்க்கில் எந்த இடம் வரை வரலாம், துண்டிக்க யாரைக் கூப்பிட வேண்டும், துண்டித்தால் என்ன நிற்கும். துண்டித்துப் பார்க்காமல் கடைசி பத்தியை நிரப்பாதீர்கள்.

#11 கேத்தி

நன்றி லவ்டேல் அக்கா, எல்லோருக்கும் நன்றி. வரிசை இப்படி மாறுகிறது. முதல் இரண்டு வாரம்: பணம் அனுப்புவோர் பட்டியல், கிட் வரலாற்றுத் தேடல், பேஅவுட் கீ மாற்றம், வாட்ஸ்அப் படங்கள். பிறகு ஒப்புதல் எச்மேக், மூன்று பக்க ஒப்பீடு, வணிகர் கணக்கு மாற்ற முறை. கார்டு எண் தேடலும் ஸ்கிரிப்ட் பட்டியலும் இணையாக ஓடும், பிசிஐ தணிக்கை இரண்டாம் மாதக் கடைசியில். கீ மாற்றத்தை வரும் வெள்ளி இரவு வைத்துக்கொள்ளலாமா? அப்போது பரிவர்த்தனை குறைவு.

#12 டைகர்ஹில்

வெள்ளி வேண்டாங்க. ஏதாவது அறுந்தா சனி, ஞாயிறு வங்கி பக்கம் பேச ஆள் கிடைக்காது. சீசன் கடைகளுக்கும் அந்த ரெண்டு நாள்தான் வசூல். செவ்வாய் காலை 11 மணிக்கு வைங்க. பச்சைத் தேயிலைப் பணம் போடுற தேதிக்கு முன்னாடி மூணு நாள், பின்னாடி ஒரு நாள் தொடாதீங்க. மாத்துறதுக்கு முந்தின நாளே வங்கியோட தொடர்பு ஆளுக்கு போன் போட்டு, புது ஐபி பட்டியல் அவங்க பக்கம் ஏறிடுச்சான்னு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துடுங்க. கீ சரியா இருந்து ஐபி ஏறாம நிக்கிறதுதான் அதிகம் நடக்கும்.